தலைசிறந்த போர்ப் படங்களை நீங்களே தேர்ந்தெடுப்பது எப்படி? புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு

"உலகின் தலைசிறந்த போர்ப் படங்கள்" என்று தேடிப் பாருங்கள், கொஞ்சம் முன்பின்னாக ஒரே பட்டியல்தான் எல்லா இடத்திலும் வரும். பாதிக்கு மேல் அமெரிக்கப் படங்கள், அதிலும் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போர், இல்லையென்றால் வியட்நாம். அந்தப் படங்கள் மோசம் என்று சொல்ல வரவில்லை, அவற்றில் சில எனக்கும் ரொம்பப் பிடித்தவை. ஆனால் பட்டியலை நீங்களே போட்டால் படம் பார்க்கும் விதமே மாறிவிடும். அதற்கு சினிமா படித்திருக்க வேண்டியதில்லை, ஒரு நோட்டும் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் சில மாதப் பொறுமையும் இருந்தால் போதும்.

நான் இருப்பது குன்னூர். வெலிங்டன் வழியாகப் போகிற எந்த பஸ்ஸில் ஏறினாலும் எம்.ஆர்.சி. (மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர்) மைதானத்தில் பயிற்சி எடுக்கும் பையன்கள் கண்ணில் படுவார்கள், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அதுதான் தாய்வீடு. ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷா ஓய்வுக்குப் பிறகு குடியிருந்தது எங்கள் ஊரில்தான், 2008-ல் காலமானதும் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில்தான். இங்கே தெருவுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்தவர் இருப்பார். அதனால் போர்ப் படத்தைப் பொழுதுபோக்காக மட்டும் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை, கீழே சொல்லும் வழிமுறையும் அந்த எண்ணத்தில் உருவானதுதான்.

படி 1: எது போர்ப் படம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் பாதியில் குழம்பிவிடுவீர்கள். நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கதையிலிருந்து போரை எடுத்துவிட்டால் மிச்சம் ஏதாவது நிற்குமா? நின்றால் அது வேறு வகைப் படம். மானெக்ஷாவைப் பற்றி 2023-ல் வந்த 'சாம் பகதூர்' என் கணக்கில் வாழ்க்கை வரலாறு. 1963-ல் சிவாஜியும் சாவித்திரியும் நடித்து வந்த 'ரத்தத் திலகம்' சீனப் போர்ப் பின்னணியில் எடுத்தது, ஆனால் நமக்கெல்லாம் 'பசுமை நிறைந்த நினைவுகளே' பாட்டுதான் நினைவுக்கு வருகிறது, அது சரியாக வேலி மேல் நிற்கிற படம். நீங்கள் உள்ளே சேர்த்தாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

இதே கேள்வியைத் திருப்பிப் போட்டால் ஒரு சிப்பாய்கூடச் சண்டையிடாத படம் உள்ளே வந்துவிடும். ஜப்பானில் இசாவோ தகஹாதா 1988-ல் எடுத்த 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' ஒரு அனிமேஷன் படம். 1945-ல் கோபே நகரத்தின் மேல் குண்டு விழுந்த பிறகு, ஒரு அண்ணனும் குட்டித் தங்கையும் சாப்பாட்டுக்கு அலைவதுதான் கதை. போரை எடுத்துவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை. கார்ட்டூன்தானே என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

படி 2: ஒரு இருபத்தைந்து படம் சேருங்கள், ஆனால் கட்டுப்பாட்டோடு

ஒரு நாட்டிலிருந்து ஐந்துக்கு மேல் வேண்டாம், ஒரே போரைப் பற்றி எட்டுக்கு மேல் வேண்டாம். இந்த இரண்டு விதிகளே உங்களைத் தெரியாத ஊர்களுக்குக் கூட்டிப்போய்விடும். சோவியத் பக்கம் 'த கிரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்' (1957), தார்கோவ்ஸ்கியின் 'இவான்ஸ் சைல்ட்ஹுட்' (1962), எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ' (1985). ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல் படமான 'தாஸ் பூட்' (1981). அல்ஜீரிய விடுதலைப் போரைச் சொல்லும் 'த பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966). முதல் உலகப் போருக்கு 1930-ல் வந்த 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்', அப்புறம் ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957). அமெரிக்கப் பக்கம் 'அபோகலிப்ஸ் நௌ' (1979), 'த தின் ரெட் லைன்', 'சேவிங் பிரைவேட் ரயன்', பின்னிரண்டும் 1998. இந்தியில் லடாக்கைக் களமாகக் கொண்ட 'ஹகீகத்' (1964), 1997-ல் வந்த 'பார்டர்'. தமிழில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002), 'அமரன்' (2024). மீதியை நீங்கள் நிரப்புங்கள்.

படி 3: முதல் தடவை காதால் பாருங்கள்

ஹெட்ஃபோன் எதற்கு என்று கேட்டிருப்பீர்கள். ஐப்பசி மழை தகரக் கூரையில் விழும்போது குன்னூரில் டிவி சத்தம் எதுவும் காதில் ஏறாது, அது ஒரு காரணம். ஆனால் போர்ப் படத்தில் இயக்குநர் எவ்வளவு நேர்மையானவர் என்பது சத்தத்தில்தான் முதலில் தெரியும் என்பதுதான் முக்கியமான காரணம். துப்பாக்கிச் சத்தத்துக்கு மேல் வீர இசையைக் கொட்டி நம்மை எழுந்து நிற்க வைக்கும் படங்கள் இருக்கின்றன. இசையை நிறுத்திவிட்டு நம்மைத் தனியே விட்டுவிடும் படங்களும் இருக்கின்றன.

'கம் அண்ட் சீ'யை இதற்காகவே கவனியுங்கள். 1943, பெலாரஸ். ஃப்ளோரா என்ற பையன் ஆசையோடு கெரில்லாப் படையில் சேர்கிறான். பக்கத்தில் குண்டு விழுந்ததும் அவனுக்குக் காது அடைத்துப்போகிறது, நமக்கும்தான்: மற்ற சத்தமெல்லாம் தண்ணீருக்கடியில் போனதுபோல் மங்கி, ஒரு கூர்மையான ரீங்காரம் மட்டும் விடாமல் கேட்கும். பிறகு அவனும் கிளாஷா என்ற பெண்ணும் அவன் வீட்டுக்கு வருகிறார்கள். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பில் சூப் இன்னும் சூடாக இருக்கிறது, தரையில் தங்கச்சிகளின் பொம்மைகள், எங்கே திரும்பினாலும் ஈ மொய்க்கும் சத்தம். அவன் அந்த சூப்பைக் குடிக்கிறான். அம்மா எங்கே ஒளிந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வெளியே ஓடுகிறான், பின்னாலேயே ஓடும் கிளாஷா ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுச் சுவரோரம் ஊர்க்காரர்களின் உடல்கள் குவிந்து கிடக்கின்றன. அந்தக் காட்சி திரையில் நிற்பது கண்ணிமைக்கும் நேரம்தான், அவன் அதைப் பார்க்கவே இல்லை. நாம் பார்த்துவிட்டோம், அவளும் பார்த்துவிட்டாள், அவன் இன்னும் நம்பிக்கையோடு ஓடிக்கொண்டிருக்கிறான். பெலாரஸில் நாஜிகள் இப்படி மக்களோடு சேர்த்து அழித்த கிராமங்கள் 600-க்கு மேல் என்று படம் கடைசியில் எழுத்தில் சொல்கிறது, அதற்கு முன்பே அந்த ஈக்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன.

இதைக் கேட்ட பிறகு 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் ஒமாஹா கடற்கரைக் காட்சிக்கு, அதாவது பிரான்ஸில் அமெரிக்கப் படை கரையிறங்கும் தொடக்கச் சண்டைக்குப் போங்கள். அங்கேயும் நாயகனுக்குக் காது அடைக்கும், சத்தம் மங்கும். 13 வருடம் முன்னால் வந்த படத்தில் இதே உத்தி எப்படி வேலை செய்தது என்று இரண்டையும் ஒப்பிட்டு நோட்டில் நான்கு வரி எழுதிவையுங்கள். நான் சொல்லும் வழிமுறையில் இந்த நான்கு வரிப் பழக்கம் முக்கியம், விட்டுவிடாதீர்கள்.

படி 4: படத்தில் யார் இல்லை என்று கேளுங்கள்

தமிழர்களான நாம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக, டேவிட் லீன் இயக்கி 1957-ல் வந்து ஏழு ஆஸ்கார் வாங்கிய 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்'. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாலம் கட்டுகிறார்கள். கர்னல் நிக்கல்சனாக வரும் அலெக் கின்னஸ், எதிரிக்காகக் கட்டுகிறோம் என்பதையே மறந்து அந்தப் பாலத்தின் மேல் பெருமை கொள்ளும் இடம் அபாரமான நடிப்பு. படப்பிடிப்பு நடந்தது இலங்கையில், கித்துல்கலையில்.

அந்த ரயில் பாதை நிஜமானது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942-43-ல் போட்டார்கள், சுமார் 415 கிலோமீட்டர். அதில் வேலை செய்தவர்களிலும் செத்தவர்களிலும் பெரும்பான்மையோர் ஆசியத் தொழிலாளர்கள், அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் போனவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்லும் அந்தத் துயரத்தில் நம் ஆட்களுக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. தோட்டத்து லைன் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இது உறுத்தும். எனக்கு உறுத்துகிறது.

அதற்காகப் படத்தைத் தள்ளிவிட வேண்டுமா? வேண்டாம். நான் அதைப் பத்துக்குள் வைத்திருக்கிறேன், ஆனால் கடைசி இடத்தில். ஒரு மனிதனின் தற்பெருமை எங்கே போய் முடியும் என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டிய படம் குறைவு, அதே சமயம் அந்தப் பாதையின் மிகப் பெரிய உண்மையை அது தொடவில்லை. இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். 'டன்கர்க்' (2017) பார்க்கும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம், 1940-ல் பிரிட்டிஷ் படை பின்வாங்கிய அந்தப் பிரெஞ்சுக் கடற்கரையில் கோவேறு கழுதைகளோடு இந்தியச் சிப்பாய்களும் நின்றிருந்தார்கள்.

படி 5: வரலாற்றோடு சரிபாருங்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். படம் பார்த்த பிறகு அரை மணி நேரம் அந்தப் போரைப் பற்றிப் படியுங்கள். மாற்றியிருந்தால் உடனே மார்க்கைக் குறைக்காதீர்கள், எதற்காக மாற்றினார்கள் என்று பாருங்கள். 'பார்டர்' படத்தில் ராஜஸ்தான் எல்லையிலுள்ள லோங்கேவாலாவில் நம் தரப்பில் வரிசையாகச் சாகிறார்கள், 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு உண்மையில் நடந்த சண்டையில் நம் பக்கம் உயிரிழந்தவர்கள் மிகச் சிலரே. சிறு படை பெரிய டாங்கிப் படையை ராத்திரி முழுக்கத் தடுத்து நிறுத்தியதும், விடிந்ததும் விமானப்படை வந்து அடித்ததும் அதுவே பெரிய கதை, கண்ணீருக்காகச் சாவுகளைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி.

படி 6: பட்டாளத்தில் இருந்த ஒருவரோடு ஒரு படமாவது பாருங்கள்

மலையில் இருப்பவர்களுக்கு இது சுலபம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார், அவரோடு 'தாஸ் பூட்' பார்த்தேன். கப்பலுக்குள் ஆட்கள் நாள்கணக்கில் ஒன்றும் செய்யாமல், தாடி வளர்ந்து, பூஞ்சை பிடித்த ரொட்டியைத் தின்றுகொண்டு கிடக்கும் பகுதி எனக்கு முதலில் இழுவையாகத்தான் இருந்தது. அவர் அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, இதுதான் நெசம். சண்டை வந்தா ஒரு மணி நேரம், மத்ததெல்லாம் உக்காந்து கெடக்கறதுதான்" என்றார். அதன்பிறகு படத்தில் ஹீரோ எப்படிச் சுடுகிறான் என்பதைவிட எப்படிக் காத்திருக்கிறான் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை என்று அந்தப் படம் தொடக்கத்திலேயே எழுத்தில் போடுகிறது. அந்தக் காத்திருப்பு ஏன் அப்படிக் கனக்கிறது என்பதற்கு அதுவே காரணம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி, கூடலூர், குன்னூர் பக்கம் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி வந்தவர்களும் உண்டு, 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களும் உண்டு. அவர்களோடு இலங்கைப் போர் பற்றிய படத்தைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே கேளுங்கள், வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். படத்தைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பது தப்பு.

படி 7: இரண்டிரண்டாக மோதவிட்டுப் பத்துக்குக் குறையுங்கள்

மார்க் போடாதீர்கள், எட்டுக்கும் எட்டரைக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியாது. இரண்டு படத்தை எடுத்து, இதில் எதை இழக்க மனம் வராது என்று கேளுங்கள். தோற்றது கீழே போகட்டும். முடிவெடுக்க முடியாத ஜோடியை மட்டும் இரண்டாம் முறை பாருங்கள்.

என்னை ரொம்பத் திணறவைத்த ஜோடி 'பாத்ஸ் ஆஃப் குளோரி'யும் 'த பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸு'ம். இரண்டிலும் குற்றவாளி இடத்தில் நிற்பது பிரெஞ்சு ராணுவம், இரண்டையுமே பிரான்ஸில் பல வருடம் திரையிட முடியவில்லை. அல்ஜியர்ஸ் படத்தில் ஒரு பெண் காபிக்கடையில் குண்டு வைக்கப் போகிறாள். வைப்பதற்கு முன்னால் கேமரா அங்கே இருப்பவர்களின் முகங்களை நிதானமாகப் பார்க்கிறது, ஐஸ்கிரீம் நக்கும் ஒரு குழந்தை உட்பட. விடுதலைப் போராட்டத்தின் பக்கம் நிற்கும் படம், சாகப்போகிறவர்களை நமக்கு முகம் முகமாக அறிமுகம் செய்கிறது. குண்டுக்கு அரேபியர்கள் பலியானபோது ஒலித்த அதே துயர இசை ஐரோப்பியர்கள் பலியாகும்போதும் ஒலிக்கிறது. குப்ரிக் படத்தில் கடைசிக் காட்சி: பிரெஞ்சு சிப்பாய்கள் நிறைந்த சாராயக் கடையில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் பெண்ணை மேடையேற்றிப் பாடச் சொல்கிறார்கள். விசிலும் கிண்டலுமாக இருந்த கூட்டம் அவள் நடுங்கும் குரலில் பாடப் பாட அடங்கி, மொழி புரியாமலே கூடச் சேர்ந்து முனகுகிறது, சிலர் அழுகிறார்கள். இரண்டாம் முறை பார்த்த பிறகு குப்ரிக்கை ஒரு படி மேலே வைத்தேன். நீங்கள் மாற்றி வைத்தால் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

என் வரிசை இன்றைக்கு இப்படி: 'கம் அண்ட் சீ', 'பாத்ஸ் ஆஃப் குளோரி', 'த பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்', 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்', 'தாஸ் பூட்', 1930-ன் 'ஆல் கொயட்', 'த தின் ரெட் லைன்', 'த கிரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்', 'கன்னத்தில் முத்தமிட்டால்', 'குவாய்'. மணிரத்னம் படம் எப்படி உள்ளே வந்தது என்று கேட்பீர்கள். பெற்ற தாயைத் தேடிப் போகும் ஒன்பது வயதுப் பெண்ணின் உயரத்தில் நின்று போரைப் பார்க்கும் படம் அது, அந்தத் தாய் பிள்ளையோடு வராமல் போவதற்கான காரணமே போர்தான். படி 1 கேள்வியில் முழுசாகத் தேறுகிறது.

எதிலிருந்து தொடங்குவது என்றால், பட்டியலில் முதலில் இருப்பதிலிருந்து வேண்டாம். 'கம் அண்ட் சீ'யை முதல் படமாகப் பார்த்தால் பலருக்கு அடுத்த படம் பார்க்கவே மனம் வராது, அதை ஏழெட்டுப் படத்துக்குப் பிறகு, மறுநாள் விடுமுறையாக இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். 'பாத்ஸ் ஆஃப் குளோரி'யில் ஆரம்பியுங்கள். கறுப்பு வெள்ளைக்குக் கண் பழகும், கதை எங்கேயும் நிற்காது, மொத்தமே 88 நிமிடம்தான். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டால் பத்தரைக்குள் முடிந்துவிடும், நான்கு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம்.