தட்டைப்பயறுக் குழம்பில் புளியை எப்போது ஊற்றுவது?

மாலை ஆறரைக்கு வீடு திரும்பி எட்டு மணிக்குள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாக வேண்டிய நாளில், தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பைப் போலக் கைகொடுப்பது வேறில்லை. சென்னைப் பக்கம் காராமணி எனப்படும் இந்தப் பயறை, கொண்டைக்கடலையைப் போல இரவு முழுவதும் ஊறப்போட வேண்டியதில்லை. வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துக் கழுவி, குக்கரில் ஐந்தாறு விசில் விட்டால் வெந்துவிடும். அப்படியிருந்தும் பயறு நறுக்கென்று நின்று குழம்பு கெடுகிறதென்றால், பெரும்பாலும் புளிதான் காரணம்.

நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி பயறு, தக்காளி, புளிக்கரைசல், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூடுவதுதான் முதல் தவறு; திருமணமான புதிதில் நானும் அதைத்தான் செய்துவந்தேன். எட்டு விசிலுக்குப் பிறகும் பயறு கடிபடுவதைப் பார்த்த என் மாமியார், ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிக் காட்டினார். தோல் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே வெள்ளையாக மாவு நின்றது. பயறின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் கரைந்தால்தான் பயறு குழையும்; புளிப்பு அதை எளிதில் கரையவிடாது. ஆகவே, விரலில் நசுக்கினால் நடுவில் கரடு இல்லாமல் பயறு மசிகிற வரைக்கும் புளியோ தக்காளியோ அதன் அருகில் வரக்கூடாது.

உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பலர் சொல்வார்கள். சிறிதளவு உப்பு வேகும்போதே சேர்ந்தால் பயறின் உள்ளேயும் சாரம் ஏறும். அதைத் தவிர்க்கத் தேவையில்லை. உண்மையில் தடை செய்வது உப்புநீர்க் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும்தான். அவற்றிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. குடிக்கிற தண்ணீரிலேயே வேகவையுங்கள். சீக்கிரம் வேக வேண்டுமென்று சமையல் சோடா போடுவதை நான் ஏற்பதில்லை. பயறிலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் அதனால் அழிகிறது, குழம்பிலும் சோப்பு வாடை தங்கிவிடுகிறது.

பழைய பயறையும் புதுப் பயறையும் ஒரே டப்பாவில் கொட்டிவைத்தால் பாதி குழையும், பாதி கல்லாக நிற்கும். குக்கரில் பயறும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் இருந்தால், பொங்கும் நுரை ஆவித்துளையை அடைத்துவிடக்கூடும்.

காலையில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், கோடையில் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. வெளியே இருந்தால் மாலைக்குள் நுரைத்துப் புளித்துவிடும். தட்டைப்பயறு இல்லையென்று ராஜ்மாவை எடுக்கிறவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிவப்பு ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்னும் புரதம், அரைவேக்காடாக உண்டால் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். அதை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து முழுமையாக வேகவைக்க வேண்டும். அவசரத்துக்கு ஏற்ற பயறு அது அல்ல.

கத்தரிக்காயின் கதை இதற்கு நேர்மாறானது. பயறோடு குக்கரில் போட்டால் அது கரைந்து காணாமல் போகும். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு தாளித்து, கத்தரிக்காயை வதக்கி, நெல்லிக்காய் அளவு புளியின் கரைசலை அதன்மேல் ஊற்றினால், பயறை வேகவிடாத அதே புளிப்பு கத்தரிக்காயைக் குழையவிடாமல் காக்கும். மிளகாய்த்தூளின் பச்சை வாசனை போகப் பத்து நிமிடம் கொதித்தபின், வெந்த பயறை அதன் தண்ணீரோடு சேர்க்க வேண்டும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் குழம்புக்குக் கெட்டியும் இராது, மணமும் இராது. ஒரு கரண்டிப் பயறை மட்டும் மசித்துக் கலந்து ஐந்து நிமிடம் சிறு தீயில் விட்டு, நினைத்த பதத்துக்குச் சற்று முன்பே, இன்னும் தளர்வாக இருக்கும்போது இறக்கிவிடுங்கள். சோறு வடித்து முடிப்பதற்குள் அது தானாகவே கெட்டியாகிவிடும்.