மின்சார ஸ்கூட்டரில் வேலைக்குப் போகப் போகிறீர்களா? முதலில் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்

சென்னையில் பெருங்களத்தூரில் குடியிருந்து கிண்டியில் வேலை பார்ப்பவருக்குப் போக, வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற பெட்ரோல் ஸ்கூட்டர் என்றால் ஒரு நாளைக்கு 90 ரூபாய் ஆகிவிடும். அதே தூரத்துக்கு மின்சார ஸ்கூட்டர், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால்கூட, ஒன்றரை யூனிட்டுக்குள் முடித்துவிடும். யூனிட்டுக்கு 10 ரூபாய் கட்டுகிற வீடாக இருந்தாலும் 15 ரூபாய்தான். மாதம் 25 நாள் ஓட்டினால் 1,800 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும். எஞ்சின் ஆயில் மாற்றும் செலவு கிடையாது. கத்திப்பாரா நெரிசலில் நிற்கும்போது காலடியில் எஞ்சின் சூடு இல்லை, பின்னால் நிற்பவர் முகத்தில் நம் வண்டியின் புகையும் இல்லை. நாள் முழுக்க சிக்னலில் நிற்கிற போக்குவரத்துக் காவலரை நினைத்தால் இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரூபாய்க் கணக்கைவிடப் பெரிதாகவே படுகிறது.

இவ்வளவு இருந்தும் ஆறே மாதத்தில் வண்டியை விற்றுவிட்டு மறுபடி பெட்ரோலுக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். விசாரித்தால் பலருக்கு வண்டி பிரச்சினையே இல்லை, சார்ஜ் போட இடமில்லாததுதான் பிரச்சினை. ஷோரூமுக்குப் போய் நிறம் தேர்வு செய்து, முன்பணம் கட்டிய பிறகுதான் வண்டி நிறுத்துகிற இடத்தில் பிளக் பாயின்ட் இல்லை என்பது நினைவுக்கு வரும். அப்புறம் இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே தொங்கவிடுவார்கள். இதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை. டிவிக்கும் மிக்ஸிக்கும் வாங்கிய மெல்லிய வயர் அது. ஸ்கூட்டர் சார்ஜரோ நான்கைந்து மணி நேரம் விடாமல் மின்சாரம் இழுக்கும். வயரைச் சுருட்டி வைத்திருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மீட்டர் பெட்டியிலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்குத் தனி லைன் இழுத்து, 15 ஆம்பியர் பிளக்கும், மின்சாரம் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் ஒரு டிரிப்பரும் போடச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் எர்த் வயரே இருக்காது. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது, சரி செய்யாமல் அதில் மறுபடி சார்ஜ் போடாதீர்கள்.

வாடகை வீடு என்றால் இன்னொரு பேச்சும் இருக்கிறது. பொது மீட்டரிலிருந்து எடுத்தால் வீட்டுக்காரர் மாதம் 500, 600 என்று மொத்தமாகக் கேட்கக்கூடும். நீங்கள் எடுப்பதோ 40 யூனிட்டுக்குள். ஒரு சின்ன சப் மீட்டர் வைத்து, ஓடிய யூனிட்டுக்குக் கட்டுகிறேன் என்று முதலிலேயே பேசிவிட்டால் இருவருக்கும் மனக்கசப்பு வராது. சொந்த மீட்டர் என்றாலும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். நமக்குப் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, அதில் ஸ்கூட்டரால் 75 யூனிட் கூடும். இப்போது 450 யூனிட் வருகிற வீடு 500ஐத் தாண்டிவிடும். தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். அப்போதும் பெட்ரோலைவிட லாபம்தான். ஆனால் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடையாமல் இருக்க இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு அடுத்தடுத்து நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. எனவே விலை மலிவு என்று அதற்கு முந்தைய வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் நன்றாக யோசிக்க வேண்டும். புது வண்டிக்கும் ஒரு விதியை வீட்டில் கட்டாயமாக்குங்கள்: வெளியே போகும் வழியில் சார்ஜ் போடக் கூடாது. கழற்றும் பேட்டரியைத் தூக்கிவந்து வாசற்கதவுக்குப் பக்கத்திலோ மாடிப்படிக்குக் கீழேயோ வைத்துச் சார்ஜ் போட்டால், ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க வழியே இல்லை. எல்லோரும் தூங்கும் நேரத்தைவிட, சாயங்காலம் விழித்திருக்கும் நேரத்தில் போட்டு எடுப்பது நல்லது. வேறு கம்பெனி சார்ஜர் பின் பொருந்துகிறது என்பதற்காகச் செருகவே கூடாது.

வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடுவது இன்னொரு பொதுவான தவறு. பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும், சார்ஜ் ஏறும்போது மேலும் சூடாகும். அக்னி நட்சத்திர நாட்களில் இது பேட்டரியின் ஆயுளை நேரடியாகக் குறைக்கும். அரை மணி, முக்கால் மணி நேரம் நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். அலுவலகத்திலும் மொட்டை வெயிலில் நிறுத்தாமல் நிழல் தேடுங்கள். தினமும் 100 சதவீதம் ஏற்றுவதும், பூஜ்ஜியம் வரை ஓட்டுவதும் தேவையில்லை. 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருந்தால் அன்றாட வேலைக்குப் போதும். முழு சார்ஜ் எப்போதெல்லாம் போட வேண்டும் என்பதற்கு உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள், பேட்டரி வகைக்குத் தகுந்தாற்போல் அது மாறும். முழு சார்ஜோடு கிளம்பும் காலையில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: ஆக்சிலரேட்டரை விட்டதும் வழக்கமாகத் தானே வேகம் குறைகிற வண்டி, அன்று மட்டும் வேகம் குறையாமல் உருண்டுகொண்டே போகும். மற்ற நாட்களில் வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்குத் திரும்ப அனுப்பும். அன்று பேட்டரியில் இடமில்லாததால் அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் கை தானாக பிரேக்குக்குப் போகும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது சோதனைக்கூடத்தில் ஒருவர் எடையோடு, திட்டமிட்ட வேகத்தில் எடுத்த கணக்கு. 100 என்று போட்டிருந்தால் 70, 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால், மேம்பாலம் ஏறினால் இன்னும் குறையும். பேட்டரியும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் தேயும். உங்கள் அன்றாடத் தூரத்தைப் போல இரண்டு மடங்கு நிஜமாக ஓடுகிற வண்டியாக வாங்கினால் ஐந்தாவது வருடத்திலும் நிம்மதியாகப் போய் வரலாம்.

லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம் என்று விற்கும் வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டிகளுக்குத்தான் அந்தச் சலுகை. தெருவுக்குள் கடைக்குப் போக அவை நல்லவை. பெருங்களத்தூர் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே 25இல் போவது உயிருக்கு உலை. வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று சில கடைகளில் சொல்வார்கள். எடுத்த நொடியிலிருந்து அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் முழுப் பொறுப்பும் ஓட்டியவர் தலையில் விழும்.

யாரும் நினைக்காத ஒன்று, டயர் காற்று. பங்க்குக்குப் போகும் வேலை நின்றதும் காற்று பிடிக்கும் பழக்கமும் நின்றுவிடுகிறது. காற்று குறைந்தால் ஓடும் தூரமும் குறையும், ஈரச் சாலையில் பிடிமானமும் குறையும். மாதம் இரண்டு தடவையாவது போய்ப் பிடித்துவிடுங்கள்.

மழை என்று வந்தால், தூசியும் தண்ணீரும் உள்ளே புகாது என்பதற்கான ஐ.பி.67 என்ற முத்திரையைக் காட்டி, தண்ணீரில் தாராளமாக ஓட்டலாம் என்பார்கள். அந்தச் சோதனை ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம், அதுவும் புதுப் பொருளுக்கு. பல மாடல்களில் அந்த முத்திரை பேட்டரிக்கும் மோட்டாருக்கும்தான், வண்டி முழுவதற்கும் இல்லை. சென்னையின் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் வண்டிகள் நாள்கணக்கில் சாக்கடை கலந்த நீரில் கிடந்தன. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுபோல, ஸ்கூட்டரையும் மேட்டுக்குக் கொண்டுபோங்கள். மூழ்கிவிட்டால் சாவியைப் போட்டுப் பார்க்காதீர்கள், சார்ஜரைச் செருகாதீர்கள். உள்ளே ஈரம் போயிருந்தால் பல நாள் கழித்துக்கூடப் பேட்டரி தீப்பிடிக்கலாம். வீட்டைவிட்டு எட்ட, திறந்த வெளியில் நிறுத்திவிட்டு, சர்வீஸ் சென்டர் ஆள் வந்து பேட்டரியைப் பார்க்கும் வரை அப்படியே இருக்கட்டும்.