வண்டியில் வரும் திம் சம்: ஹாங்காங்கில் முதல்முறை சாப்பிடப் போகிறவர்களுக்கு

காலையிலும் மதியத்திலும் தேநீரோடு சின்னச் சின்னப் பலகாரங்களைப் பகிர்ந்து சாப்பிடுவதைக் கான்டனீஸ் மக்கள் 'யம் சா' என்கிறார்கள். அந்தப் பலகாரங்கள்தான் திம் சம். இன்று ஹாங்காங்கின் பெரும்பாலான உணவகங்களில் தாளில் குறியிட்டுக் கொடுத்தால், வேண்டியது சமையலறையிலிருந்து வந்துவிடும். பலகாரங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு மேசை மேசையாக வரும் பழைய முறை சில இடங்களில்தான் மிச்சமிருக்கிறது. வண்டி உருள அகலமான வழி வேண்டும், தள்ள ஆள் வேண்டும். வாடகையும் சம்பளமும் ஏறிய நகரத்தில் இரண்டுமே கட்டுப்படியாவது கடினம். சென்ட்ரல் பகுதியில் சிட்டி ஹால் கட்டடத்தில் இருக்கும் மாக்சிம்ஸ் பேலஸ், வண்டிகளுக்காகவே பலர் தேடிப் போகும் பெரிய கூடம்.

வாய்ப்புக் கிடைத்தால் வண்டி இருக்கும் இடத்துக்கே போங்கள் என்பேன். மொழி தெரியாதவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கண்ணால் பார்த்து, விரலால் காட்டி, வயிறாரச் சாப்பிடலாம்.

படி 1: எண் வாங்குங்கள்

வாசலில் இருப்பவரிடம் எத்தனை பேர் என்று விரல்களால் காட்டினால் எண் அச்சிட்ட சீட்டு தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை 11 மணியிலிருந்து 1 மணி வரை தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பம் குடும்பமாக வருவார்கள், காத்திருப்பு நீளும். வார நாளில் காலையிலேயே போவது நல்லது. மிகவும் பழைய தேநீர்க்கூடங்களில் சீட்டெல்லாம் இருக்காது. காலி நாற்காலியை நீங்களே கண்டுபிடித்து, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். அங்கே அது இயல்பு; தலையசைத்துவிட்டு உட்காருங்கள். இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் சமையலறைக் கதவுக்கு அருகில் உட்காருங்கள். புதிதாக வெளிவரும் வண்டி முதலில் உங்களைத்தான் கடக்கும்.

படி 2: தேநீரைச் சொல்லுங்கள்

உட்கார்ந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி, என்ன தேநீர் என்பது. 'போ லே' என்றால் கறுத்து, மண்வாசனையோடு இருக்கும். கொழுப்பான பலகாரங்களுக்கு இதுதான் பொருத்தம் என்பார்கள். 'ஹியுங் பின்' மல்லிகை மணம். 'சாவ் மே' இலேசானது. முதல்முறை செல்பவர்கள் ஹியுங் பின் கேட்கலாம். பாலும் சர்க்கரையும் வராது, கேட்கவும் வேண்டாம். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. குடிக்காவிட்டாலும் அது பில்லில் ஏறும்.

பக்கத்து மேசைக்காரர்கள் முதல் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கோப்பைகளையும் குச்சிகளையும் அலசி, அந்த நீரைப் பெரிய பாத்திரத்தில் கொட்டுவதைப் பார்ப்பீர்கள். பழைய தலைமுறையிலிருந்து வரும் பழக்கம் இது. விரும்பினால் நீங்களும் அலசலாம், கட்டாயமில்லை.

படி 3: அட்டையைப் பத்திரமாக வையுங்கள்

மேசையில் ஒரு அட்டை வைப்பார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது, சிறப்பு என்று விலைப்பிரிவுகள் அதில் கட்டம் கட்டி இருக்கும். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் வண்டிக்காரர் உரிய கட்டத்தில் முத்திரை குத்துவார். கடைசியில் கணக்கு இதிலிருந்துதான் போடப்படும். தேநீர் சிந்தாத இடத்தில் வையுங்கள்.

படி 4: வண்டி வரும்போது

எல்லாம் இந்தப் படியில்தான் இருக்கிறது. பசியோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் முதல் வண்டி வரும். அதிலிருப்பதெல்லாம் வேண்டும் என்று தோன்றும். ஆறேழு கூடைகளை வாங்கி மேசையை நிரப்பிவிட்டால் பாதி ஆறிப்போகும். ஆவியில் வெந்த பலகாரத்துக்கு ஆறுவதைவிடப் பெரிய கேடு இல்லை. உதாரணத்துக்கு, ஹார் காவ் என்ற இறால் பலகாரத்தைப் பாருங்கள். கோதுமை ஸ்டார்ச் மாவைக் கண்ணாடிபோல் மெல்லிசாகத் தட்டி, உள்ளே இறால் வைத்து, சோமாசி ஓரத்தை மடிப்பதுபோல் மடிப்பு மடிப்பாக மூடியிருப்பார்கள். சூட்டில் தோல் வழுவழுப்பாக, இறால் துள்ளலாக இருக்கும். ஆறினால் தோல் தடித்துக் கூடையில் ஒட்டும், குச்சியால் எடுக்கும்போதே கிழியும். அதனால் ஒரு நேரத்தில் இரண்டு கூடை, அதிகம் போனால் மூன்று. அது முடிந்ததும் அடுத்தது. அடுத்த வண்டி நிச்சயம் வரும்.

வண்டிகள் எல்லாம் ஒன்றல்ல. ஆவியில் வெந்தவை மூங்கில் கூடைகளில் அடுக்கடுக்காக ஒரு வண்டியில் வரும். பொரித்தவை இன்னொன்றில், இனிப்பு வேறொன்றில். வண்டி முன்னால் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை புரியாவிட்டால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லிச் சைகை செய்யுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துக் கையசைத்தால் போதும், யாரும் தப்பாக நினைப்பதில்லை. கூட்டம் மிகுந்த நேரத்தில் நல்ல வண்டி உங்களை எட்டும் முன்பே காலியாகிவிடும். அப்போது அட்டையை எடுத்துக்கொண்டு நீங்களே வண்டியிடம் நடந்துபோங்கள். பழைய கூடங்களில் உள்ளூர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

படி 5: எதை எடுப்பது

ஹார் காவ், பன்றியிறைச்சியும் இறாலும் சேர்ந்த சியூ மாய், இனிப்பும் உப்புமான பன்றியிறைச்சி அடைத்த வெண்மையான சா சியூ பாவ், அரிசிமாவைத் தாளாக வேகவைத்துச் சுருட்டி சோயா சாறு ஊற்றும் சியுங் ஃபன்: இந்த நான்கிலிருந்து தொடங்குங்கள். தாமரை இலையில் கட்டிய லோ மாய் காய், ஒட்டரிசியும் கோழியும் சேர்ந்தது. மிகவும் கனமானது, நான்கு பேருக்கு ஒன்றே போதும். துணிந்தவர்களுக்கு ஃபங் சாவ், அதாவது கோழிக்கால். முதலில் பொரித்து, பிறகு குழம்பில் ஊறவைத்து, கறுப்பு பீன்ஸோடு ஆவியில் வேகவைப்பார்கள். எலும்பை வாயிலிருந்து தட்டில் துப்புவது அங்கே மரியாதைக் குறைவு அல்ல.

சைவர்களும், பன்றியோ மாடோ தவிர்ப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பார்ப்பதற்குக் காய்கறியாகத் தெரியும் 'லோ பாக் கோ' என்ற முள்ளங்கிப் பலகாரத்தில் பன்றிச் சாசேஜும் உலர் இறாலும் இருக்கும். ஹார் காவில்கூடப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. ஆவியில் வேகும் உருண்டைகளில் மாட்டிறைச்சியும் உண்டு. முழுச் சைவர் என்றால் வண்டிக் கூடத்தை விட்டு, சைவத் திம் சம் மட்டுமே செய்யும் கடைகளுக்குப் போவதே நிம்மதி.

இனிப்புக்கு முட்டைக் கஸ்டர்டு நிரப்பிய தான் தாட், பஞ்சுபோன்ற மா லாய் கோ இரண்டும் என் தேர்வு.

படி 6: மேசையில் நடந்துகொள்வது

தேநீரை முதலில் பெரியவர்களுக்கு ஊற்றுங்கள், உங்களுக்குக் கடைசியில். உங்களுக்கு ஒருவர் ஊற்றினால் இரண்டு விரல்களால் மேசையை மெதுவாகத் தட்டுங்கள், அதுவே நன்றி. மாறுவேடத்தில் போன சீனப் பேரரசர் சியென்லுங் தன் பணியாளுக்குத் தேநீர் ஊற்ற, மண்டியிட்டு வணங்க முடியாத அந்தப் பணியாள் விரல்களை மடக்கித் தட்டினார் என்று இதற்கு ஒரு கதை சொல்வார்கள். கெண்டி காலியானால் மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். யாரையும் கூப்பிட வேண்டாம், வெந்நீர் தானே வரும்.

படி 7: பில்

'மாய் தான்' என்றால் பில் வேண்டும் என்று பொருள். அட்டையைத் தருமுன் முத்திரைகளையும் மேசையிலுள்ள தட்டுகளையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பலகாரம், தேநீர் ஆகியவற்றோடு வழக்கமாக 10 சதவீதச் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கும். அதனால் தனியாகப் பெரிய டிப்ஸ் தேவையில்லை. பணம் கொடுத்ததும் எழுந்துவிடுங்கள், வாசலில் அடுத்த எண்ணுக்குக் குடும்பங்கள் காத்திருக்கும்.