சாயம் பூசும் முன் வெளிச்சுவரைக் கவனியுங்கள்

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூச எண்ணும் பினாங்குக்காரர்கள், வெளிச்சுவர் வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். செப்டம்பரும் அக்டோபரும்தான் இங்கே மழை கொட்டும் மாதங்கள். ஈரச்சுவரில் அவசரமாகப் பூசினால் கொப்புளம் கிளம்பிவிடும்.

முதலில் சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் பழைய சாயம் உதிர்கிறது என்று பொருள். நன்றாகத் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் சீலர் (சாயத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு பூச்சு கொடுங்கள்.

மழைநீர்க் குழாய் ஓரமும் நிழல் விழும் பக்கமும் படியும் கரும்பூஞ்சைதான் பெரிய தொல்லை. சுரண்டினால் மட்டும் போகாது; கொல்ல வேண்டும். ஒரு பங்கு ப்ளீச்சில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்து அலசுங்கள். கையுறை அவசியம். அதனுடன் வேறெந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையும் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். குழாய் ஒழுகினால் அதை முதலில் சரிசெய்யுங்கள். இல்லையேல் பூஞ்சை திரும்ப வரும்.

விரிசல்களை அடைக்க, வெளிச்சுவருக்கென விற்கும் பட்டியையே (putty, விரிசல் நிரப்பும் பசை) வாங்குங்கள்.

ஜார்ஜ் டவுனின் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளுக்கு மட்டும் அக்ரிலிக் சாயம் வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், பூச்சு பெயர்ந்து விழும். சுண்ணாம்பே அடியுங்கள்.