ஹவேலி ஓட்டலில் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிறதா?

உதய்ப்பூரில் ஹவேலி (பழைய மாளிகை வீடு) ஓட்டலில் அறை எடுக்கும்போது, காலை உணவு சேர்த்து 7,800 ரூபாய் என்றால் உடனே சரி சொல்லாதீர்கள். உணவு இல்லாமல் அறைக்கு மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஒரு அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்). அதைத் தாண்டினால் 18 சதவீதம், அதுவும் முழுத் தொகைக்கும். காலை உணவை வாடகையோடு சேர்த்தால் அதுவும் அறைக் கணக்கில்தான் வரும். 7,800க்கு வரி 1,404, மொத்தம் 9,204. அறை மட்டும் 7,200 என்றால் வரி 360தான். இருவருக்கும் 600 ரூபாய்க்குத் தனியே சாப்பிட்டு அதற்கு 18 சதவீதமே போட்டாலும் மொத்தம் 8,268. வித்தியாசம் 936 ரூபாய். ஜகதீஷ் கோயில் பக்கம் நடந்துபோய்க் கச்சோரி, போஹா சாப்பிட்டால் இன்னும் மிச்சம்.

கணக்கு உண்மையில் வாங்கும் தொகைக்குத்தான், சுவரில் மாட்டிய விலைப்பட்டியலுக்கு அல்ல. அதனால் 7,700ஐப் பேரம் பேசி 7,500க்குக் கொண்டுவந்தாலும் போதும். பேசும்போதே “வரி சேர்த்தா, சேர்க்காமலா?” என்று கேட்டுவிடுங்கள், குழப்பம் பெரும்பாலும் அங்கேதான்.

அறை மட்டுமே 8,000க்கு மேல் என்றால் இது பலிக்காது. கானாடுகாத்தான் போன்ற சிற்றூரில் செட்டிநாட்டு வீட்டில் தங்கினாலும் உணவோடு எடுப்பதே மேல்; வெளியே காலைச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.