மொட்டை மாடியில் புறக்கோள் பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் தொலைநோக்கி வைத்திருக்கும் பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். நிலாவும் சனியின் வளையமும் பார்த்துச் சலித்ததும் அடுத்த ஆசை புறக்கோள், அதாவது வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள். அதை நம்மால் நேராகப் பார்க்க முடியாது. ஆனால் அது தன் விண்மீனுக்குக் குறுக்கே வரும்போது விண்மீனின் ஒளி துளி குறையும். அந்தக் குறைவை ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவும் சின்னத் தொலைநோக்கியும் இருந்தால் அளந்துவிடலாம். இதைத்தான் கடப்பு என்கிறோம்.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும், முன்னால் நாங்கள் விழுந்த அதே பள்ளங்களில் வரிசையாக விழுகிறார்கள். மூடியைக் கழற்றாமல் பார்ப்பது, பேட்டரியை சார்ஜ் போடாமல் வருவது, முக்காலியைக் காலால் இடறுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு ராத்திரியில் தானாகத் தெளிந்துவிடும்.

முற்றத்தில் தொலைநோக்கி வைப்பது

பெரிய வீட்டுக்காரர்கள் பிரியமாகத்தான் சொல்வார்கள்: "மாடி எதுக்கு, வளவுக்குள்ளேயே வச்சுக்கங்க, காத்து அடிக்காது." பேச்சில் மயங்க வேண்டாம். முற்றத்திலிருந்து தெரிவது தலைக்கு மேலே ஒரு சதுர வானம். விண்மீன்கள் மணிக்கு 15 டிகிரி நகர்கின்றன. கடப்பு முழுவதையும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்தையும் பிடிக்க வேண்டும் என்றால், பாதியிலேயே உங்கள் விண்மீன் ஓட்டுக்கூரைக்குப் பின்னால் போய்விடும். போதாததற்கு, பகலெல்லாம் வெயில் குடித்த ஓடு நடு ராத்திரி வரை சூட்டைக் கக்கும். அந்தக் காற்றில் விண்மீன் நடுங்கும்.

மாடிக்கே போங்கள். வடக்குப் பக்கம் திறந்திருக்கிற மாடியாகப் பாருங்கள். காரைக்குடியிலிருந்து துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. வடக்கே ஒரு தென்னை இருந்தால் போயிற்று. தொலைநோக்கியின் அச்சைத் துருவத்துக்கு நேர் செய்வதற்குள் பாதி இரவு கழிந்துவிடும்.

ஃபோகஸைக் கூர்மையாக வைப்பது

படம் அழகாக வர வேண்டும் என்று ஊசிமுனை மாதிரி ஃபோகஸ் செய்கிறார்கள். ஒளியை அளக்க வந்தவருக்கு அது தேவையில்லை. விண்மீனின் ஒளி முழுவதும் நாலைந்து பிக்சலில் குவிந்தால் அவை நிரம்பி வழியும். அதற்கு மேல் எவ்வளவு ஒளி விழுந்தாலும் கணக்கில் ஏறாது. கொஞ்சம் கலங்கலாக வையுங்கள். ஒளி பல பிக்சல்களில் பரவட்டும். படத்தைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் இன்னொரு விண்மீன் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் இரண்டும் கலந்துவிடாத அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூமி அளவு கோளைத் தேடுவது

சூரியனுக்கு முன்னால் பூமி கடந்தால் குறையும் ஒளி 0.0084 சதவீதம். விட்டுவிடுங்கள்.

கடிகாரத்தை நம்புவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றவை கூட வந்தவை.

பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் இயற்பியல் பிள்ளைகள் மே முதல் ஜூலை வரை, மேகம் விட்ட இரவுகளில், எச்.டி. 189733 என்ற விண்மீனைத் துரத்தினார்கள். நல்ல தேர்வு. வல்பெக்குலா விண்மீன் குழுவில், டம்பெல் நெபுலாவை ஒட்டினாற்போல இருப்பதால் தேடி அலைய வேண்டாம். ஒளித்தரம் (விண்மீனின் பிரகாச அளவு, எண் கூடக் கூட மங்கல்) 7.7. நம் ஊரில் கிட்டத்தட்ட உச்சிக்கே ஏறிவரும். 2005இல் கண்டுபிடிக்கப்பட்ட அதன் கோள் 2.2 நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. குறுக்கே வரும்போது ஏறத்தாழ 1.8 மணி நேரத்துக்கு ஒளி 2.4 சதவீதம் அளவுக்கு இறங்கும். பிள்ளைகளின் வரைபடங்களில் அந்த இறக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் பாராட்ட வேண்டிய வேலை.

அப்புறம்தான் வந்தது. "சார், கோள் அட்டவணையில இருக்கிற நேரத்துக்கு முன்னாடியே வருது. மே மாசம் சரியா இருந்துச்சு. ஜூன்ல நாலு நிமிஷம் முன்னாடி. ஜூலை கடைசியில ஆறு நிமிஷம். இன்னொரு கோள் அதை இழுக்குது சார்." கல்லூரிக் கண்காட்சிக்கு ஃபிளெக்ஸ் அடிக்க ஆர்டரும் கொடுத்துவிட்டார்கள். 'செட்டிநாட்டில் புதிய கோள்' என்று தலைப்பு.

நான் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, அட்டவணையில போட்டிருக்கிற நேரம் எங்கே நின்னு பார்த்த நேரம்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அட்டவணையில் இருப்பது சூரியக் குடும்பத்தின் நிறைமையத்தில் நின்று பார்த்தால் கிடைக்கும் நேரம். அந்த மையம் சூரியனை ஒட்டியே இருக்கிறது. நாமோ அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் பூமியின் மேல் நிற்கிறோம். சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர 499 விநாடி ஆகிறது. பூமி அந்த விண்மீன் இருக்கும் பக்கமாகப் போயிருக்கும் மாதங்களில் ஒளி நமக்கு முன்கூட்டியே கிடைக்கும். எதிர்ப்பக்கம் போனால் தாமதமாகும். எச்.டி. 189733 பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்கு மேலே விலகி இருப்பதால், முழு 499 விநாடி இல்லாமல் ஆறு நிமிடத்துச் சொச்சம் முன்பின்னாக ஆடும். ஆகஸ்ட் தொடக்கத்தில் அது உச்சம். திருச்சியிலிருந்து வரும் பஸ் ஒரே நேரத்துக்குத்தான் கிளம்புகிறது. திருமயத்தில் நிற்பவருக்கு முன்னால் வரும், காரைக்குடியில் நிற்பவருக்குப் பின்னால் வரும். இவர்கள் மே மாதம் காரைக்குடியிலும் ஜூலையில் திருமயத்திலும் நின்றுவிட்டு, டிரைவர் வேகமாக ஓட்டுகிறார் என்று போர்டு அடிக்கப் போனார்கள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்தத் திருத்தத்தை எத்தனை வருடம் கழித்தும் கணக்குப் போட்டுச் செய்துகொள்ளலாம். போட்டோம். ஆறு நிமிடம் மறைந்தது. மிச்சம் இருந்தது ஒழுங்கே இல்லாத சிதறல்: ஒரு இரவு இரண்டு நிமிடம் முன்னால், அடுத்த இரவு ஒன்றரை நிமிடம் பின்னால். விசாரித்தால், கேமராவின் கடிகாரத்தை ஒருவன் கைக்கடிகாரம் பார்த்து வைத்திருக்கிறான். நடுவில் பேட்டரி செத்து கடிகாரம் அழிந்தபோது இன்னொருவன் வேறெதையோ பார்த்துத் திருத்தியிருக்கிறான். மாடியில் சிக்னல் இல்லாததால் மடிக்கணினி தன் போக்கில் ஓடியிருக்கிறது. எந்த இரவில் எது எவ்வளவு பிசகியது என்று ஒரு வரி குறிப்புகூட இல்லை. அதை இனி யாராலும் மீட்க முடியாது. ஏ.ஏ.வி.எஸ்.ஓ. என்ற அமெரிக்க விண்மீன் நோக்கர் சங்கத்தின் தரவுத்தளத்துக்கு அனுப்பியிருக்க வேண்டிய மூன்று மாதத் தூக்கம் வீணாய்ப் போனது.

எரிச்சல் அதில்கூட இல்லை. கூட வந்த ஆசிரியர் ஒருவர், "ஆறு நிமிஷம்தானே சார், இதுக்குப் போயி…" என்றார். இந்த 'தானே'யை நான் வருடா வருடம் கேட்கிறேன். கெப்லர்-19 என்ற விண்மீனின் கோள் ஒன்று ஐந்து நிமிடம் முன்பின்னாக வருவதைப் பார்த்துத்தான், கண்ணுக்கே படாத இரண்டாவது கோள் ஒன்று அங்கே இருப்பதாக 2011இல் சொன்னார்கள். உண்மையான கோளின் அடையாளமும் உங்கள் பிசகும் ஒரே அளவில் இருக்கின்றன. ஆறு நிமிடத்தை அசட்டை செய்பவர் இந்த வேலைக்கு வரக்கூடாது.

பெரியவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். ஆண்ட்ரூ லைனும் அவர் குழுவினரும் 1991இல் ஒரு பல்சாரை, அதாவது கடிகாரம் போலச் சீராக ரேடியோத் துடிப்பு அனுப்பும் விண்மீன் எச்சத்தை, சுற்றிக் கோள் இருப்பதாக நேச்சர் இதழில் அறிவித்தார்கள். சுற்றுக்காலம் ஆறு மாதம். பூமியின் ஆண்டில் சரிபாதி என்றதுமே வயிற்றில் புளி கரைத்திருக்க வேண்டும். பூமியின் பாதை பார்த்தால் வட்டம் மாதிரிதான் இருக்கும். ஆனால் சூரியனுக்கு மிக அருகே 14.71 கோடி கிலோமீட்டர், மிகத் தொலைவில் 15.21 கோடி. இந்த 50 லட்சம் கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்குப் பதினேழு விநாடி போதும். அந்த நீள்வட்டத்தைச் சரியாகக் கழிக்காமல் விட்டதில், நம் பூமியின் ஓட்டமே அங்கே கோளாகத் தெரிந்துவிட்டது. 1992 ஜனவரியில் அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் லைன் மேடையேறி, கோள் இல்லை என்று சொன்னார். அரங்கமே கைதட்டியது. அதே மாதம் வோல்ஷானும் ஃப்ரெயிலும் வேறொரு பல்சாருக்கு அறிவித்த கோள்கள் இன்று வரை நிற்கின்றன.

நம்ம ஊர்க் கதையும் உண்டு. 1855இல் சென்னை நுங்கம்பாக்கம் வான்காணகத்திலிருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் ஓட்டத்தில் ஒழுங்கின்மை இருக்கிறது, ஒரு கோள் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அது நிலைக்கவில்லை.

ஆனால் இதே முன்பின்னை வைத்துத்தான் ஓலே ரோமர் 1676இல், ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்று காட்டினார். வியாழனின் நிலவான அயோவின் கிரகணங்கள், பூமி விலகிப் போகும்போது தாமதமாக வந்தன. அயோ மேல் பழி போடாமல் பூமி எங்கே நிற்கிறது என்று அவர் பார்த்தார்.

சரி, என்ன செய்வது? படமெடுக்கத் தொடங்குமுன் செல்போனில் ஜிபிஎஸ் நேரம் காட்டும் செயலியைத் திறந்து, அந்தத் திரையை விநாடி தெரியும்படி அதே கேமராவால் ஒரு படம் எடுங்கள். முடிந்ததும் இன்னொரு படம். இரண்டையும் வைத்து கேமராக் கடிகாரத்தின் பிசகை எந்த நாளிலும் கண்டுபிடிக்கலாம். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் கார்டும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

நேரத்தை யூடிசியிலேயே, அதாவது உலகப் பொது நேரத்திலேயே, எழுதுங்கள். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அவசரத்தில் ஐந்தைக் கழித்துவிட்டு அரையை விடுகிறவர்கள் அதிகம். தேதியிலும் கவனம்: 12ஆம் தேதி அதிகாலை 1:30க்கு எடுத்த படம் யூடிசியில் 11ஆம் தேதி இரவு 8 மணி. வானியலாளர்கள் நாட்களை மாதம், வருடம் இல்லாமல் ஒரே தொடராக எண்ணும் ஜூலியன் நாள் நமக்கு வசதியானது. அது யூடிசி நண்பகலில் மாறுவதால், இங்கே மாலை 5:30க்கு மாறிவிடும். விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து விடியும் வரை ஒரே எண்தான். கடைசியாக ஒன்று. நிறைமையத் திருத்தம் செய்த பிறகும் யூடிசிக்கும் அட்டவணைகள் பின்பற்றும் சீரான நேரத்துக்கும் இப்போது 69 விநாடி வித்தியாசம் உண்டு. மென்பொருள் அதைச் சேர்த்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். இரண்டு முறை சேர்த்தவர்களும் இருக்கிறார்கள்.

பெரிய இறக்கத்தைப் பார்த்துக் குதிப்பது

ஒளி 10, 20 சதவீதம் இறங்கினால் அது கோளாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வியாழன் அளவு கோள் சூரியனைக் கடந்தாலே ஒரு சதவீதம்தான். அநேகமாக ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு விண்மீன்கள். அடி தட்டையாக இல்லாமல் 'வி' போலக் கூராக இருந்தால் சந்தேகத்தை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சூரியனை நெருங்கினால் கோடை என்பது

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரம். மார்கழி.

'வாழ்தகு மண்டலம்' என்றதும் குடியேறிவிடுவது

நாங்கள் மாடியை இரவல் வாங்கும் வீட்டு ஆச்சி ஒவ்வொரு முறையும் கேட்பார்: "அங்க ஆளுக இருக்காகளா தம்பி?" எச்.டி. 189733 விஷயத்தில் பதில் சுலபம், அது 900 டிகிரிக்கு மேல் கொதிக்கிற வாயுக் கோள். ஆனால் புதிதாக வந்த பையன் வேறொரு கோளைச் சொல்லி, "வாழ்தகு மண்டலத்துல இருக்கு ஆச்சி, தண்ணி இருக்கும்" என்று அடித்துவிட்டான்.

அந்த மண்டலம் விண்மீனிலிருந்து இத்தனை தூரம் என்று போட்ட கோடு, அவ்வளவுதான். தகுந்த காற்று மண்டலம் இருந்தால், மேற்பரப்பில் நீர் திரவமாக நிற்கலாம் என்று அர்த்தம். ரவிகுமார் கொப்பரப்பு குழுவினர் 2013இல் போட்ட கணக்கின்படி சூரியனுக்கு அது ஏறத்தாழ 0.99 முதல் 1.7 வானியல் அலகு வரை (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்). பூமி 1இல் இருக்கிறது. உள் விளிம்பை உரசிக்கொண்டு. நிலாவும் அங்கேயே இருக்கிறது. 1.52இல் செவ்வாயும் இருக்கிறது. இரண்டிலும் யாரும் நாற்று நடவில்லை.

வெப்பநிலையிலும் இதே வழுக்கல். பட்டியல்களில் கோளுக்கு நேரே போட்டிருக்கும் எண் பெரும்பாலும் சமநிலை வெப்பநிலை. காற்று போர்த்தும் கணக்கு அதில் கிடையாது. அந்தக் கணக்கில் பூமிக்கு மைனஸ் 18 டிகிரி வரும். உண்மையான சராசரி 15. வெள்ளியின் மேகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அதற்கும் உறைநிலைக்குக் கீழேதான் வரும். அங்கே நிலத்தில் 460 டிகிரிக்கு மேல். அந்தப் பையனை வெள்ளிக்குக் கம்பளியோடு அனுப்பியிருக்கலாம்.

கோட்டுக்கு வெளியே இருப்பதால் ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. வியாழனின் யூரோப்பா, சனியின் என்செலடஸ் இரண்டும் மண்டலத்துக்கு எங்கோ வெளியே. இரண்டிலும் பனிக்கட்டிக்குக் கீழே கடல் இருக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. யூரோப்பாவைப் பார்க்க 2024 அக்டோபரில் கிளிப்பர் விண்கலம் கிளம்பிவிட்டது.

124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளில் உயிரின் தடயமாக இருக்கக்கூடிய வாயு தெரிவதாக நிக்கு மதுசூதன் குழுவினர் 2025இல் சொன்னபோது, இங்கே வாட்ஸாப்பில் அதற்கு மறுநாளே ஆள் குடியேறிவிட்டது. அதே தரவை வேறு குழுக்கள் அலசி, சான்று போதாது என்கின்றன. ஆச்சி கேட்டால், "மண்டலத்துல இருக்கு, காத்து இருக்கான்னு பார்த்துக்கிட்டிருக்காக" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழையில் தொலைநோக்கியைப் பைக்குள் மூட்டைகட்டி வைப்பது

கண்ணாடியில் பூசணம் பிடிக்கும். பையில் சிலிக்கா ஜெல் போடுங்கள், வெயில் அடிக்கிற நாளில் திறந்து வையுங்கள்.