மிக்சரில் இரைச்சலா? திருப்புளியை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

ஆடி மாதம் பிறந்தால் வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று அம்மன் கோயில் தெருவெல்லாம் மைக் செட்தான். அந்த நேரம் பார்த்து அனலாக் மிக்சர் (பல மைக்குகளின் ஒலியைக் கலந்து ஆம்புக்கு அனுப்பும் கருவி) முனகும். உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் வெளியேதான் இருக்கும்.

1. என்ன சத்தம் என்று கேளுங்கள்

'உம்ம்' என்று தாழ்வாக ஒரே சீராக வந்தால் ஹம். கரண்ட், எர்த் சம்பந்தப்பட்டது. 'ஸ்ஸ்' என்றால் ஹிஸ். கெயின் (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) வைத்த முறையைப் பாருங்கள். திருகும்போதோ அசைக்கும்போதோ 'கரகர' என்றால் எங்கோ தொடுப்பு சரியில்லை.

2. எல்லாவற்றையும் கழற்றுங்கள்

பவர் கார்டு, ஹெட்ஃபோன் இரண்டு மட்டும் இருக்கட்டும். இப்போது சத்தம் இல்லையென்றால் மிக்சர் நல்லாயிருக்கிறது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), லேப்டாப், மைக் என்று ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகியதும் சத்தம் வருகிறதோ, அந்த வழியில்தான் கோளாறு.

ஹெட்ஃபோனிலேயே கேட்கிறதா? மாஸ்டர் ஃபேடரை (மொத்த ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) முழுக்க இறக்கி, ஹெட்ஃபோனில் மெயின் மிக்ஸைக் கேளுங்கள். சத்தம் அடங்கினால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு சேனலிலிருந்து (ஒவ்வொரு மைக்குக்குமான தனி வரிசை) வருகிறது. ஒவ்வொன்றாக மியூட் செய்தால் பிடிபடும். அடங்காவிட்டால் மாஸ்டர் பகுதி அல்லது பவர் சப்ளை.

3. ஹம்: எர்த் லூப்

மிக்சருக்கு ஒரு பிளக், ஆம்புக்குத் தூரத்தில் வேறொரு பிளக் என்று எடுத்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வோல்டேஜ் இருக்கும். அதனால் கேபிளின் ஷீல்டு (உள் வயர்களைச் சுற்றியுள்ள கம்பி வலை) வழியே கரண்ட் ஓடி, 50 ஹெர்ட்ஸ் ஹம்மாகக் கேட்கும். இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் ஹம் நின்றால், லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் டிஐ பாக்ஸ் (சிக்னலை இணைக்கும் சிறு பெட்டி) வைத்து, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் (சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிப்பது) போடுங்கள்.

பவர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, டேப் சுற்றுவது கூடவே கூடாது. மழை ஈரத்தில் வெறுங்காலோடு நின்று மைக் பிடிப்பவரின் உயிர் அந்தப் பின்னில்தான் இருக்கிறது.

சீரியல் லைட், டிம்மர் வயர்களோடு மைக் கேபிளை ஒட்டி ஓட்டாதீர்கள். கடந்தே ஆக வேண்டுமென்றால் குறுக்கே செங்குத்தாகக் கடக்கட்டும். மல்டிமீட்டரில் பீப் வைத்து எக்ஸ்எல்ஆர் கேபிளை (மூன்று பின் உள்ள மைக் கேபிள்) சோதியுங்கள்: 1, 2, 3 ஒவ்வொன்றும் மறுமுனையில் அதே எண்ணோடு மட்டும் ஒலிக்க வேண்டும். பின் 1 அறுந்திருந்தால் ஷீல்டு இல்லை; ஹம் வர வாய்ப்பு அதிகம்.

4. ஹிஸ்

சேனலில் கெயினைக் குறைத்துவிட்டு ஆம்பை முழுக்கத் திறந்தால் ஹிஸ்தான் பெரிதாகும். பிஎஃப்எல் (ஃபேடருக்கு முன்னால் அந்தச் சேனலை மட்டும் காட்டும் பட்டன்) அழுத்தி, பாடகர் உரக்கப் பாடும்போது மீட்டர் 0 டிபி பக்கம் வருமாறு கெயின் வையுங்கள், பிறகு ஃபேடரை 0 என்ற குறிக்கு ஏற்றுங்கள், கடைசியில்தான் ஆம்ப். பயன்படாத சேனல்களை மூடுங்கள். ஒரே கெயினில் திறந்திருக்கும் சேனல் இரட்டிப்பானால் இரைச்சல் 3 டிபி கூடும். 1 சேனலுக்குப் பதில் 16 திறந்திருந்தால் 12 டிபி.

5. கரகரப்பு: உப்புக் காற்றின் வேலை

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மூடாமல் வைத்த மிக்சரில் ஜாக்குகள் (பிளக் செருகும் துளைகள்) கறுத்துப் போகும். கரண்டை நிறுத்திவிட்டு, கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு அடித்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முப்பது தடவை திருப்புங்கள். கால் மணி நேரம் காயட்டும். ஃபேடருக்கு அதற்கென்று விற்கும் கிளீனர்தான். துரு நீக்கும் ஸ்பிரே அடித்தால் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.

பலர் கவனிக்காத இடம் இன்சர்ட் ஜாக் (சேனலின் நடுவில் வெளிக்கருவியை இணைக்கும் துளை). பிளக் செருகாதபோது சிக்னல் அதனுள் இருக்கும் சிறு தகடு வழியாகத்தான் போகிறது. தகடு களிம்பேறினால் சத்தம் விட்டுவிட்டு வரும். பிளக்கைப் பத்து முறை செருகி எடுங்கள்; பல நேரம் அதுவே போதும்.

சுத்தம் செய்தும் திருகும்போது கரகரத்தால், சர்க்யூட்டில் அந்தக் குமிழுக்கு முன்னால் உள்ள கப்பாசிட்டர் டிசியைக் (நேர் மின்சாரம்) கசியவிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

6. பவர் சப்ளை

எல்லாம் கழற்றியும் மாஸ்டரில் 'பர்ர்' என்று 100 ஹெர்ட்ஸ் சத்தம் நிற்கவில்லையா? டிரான்ஸ்பார்மர் வகை சப்ளையில் ஃபில்டர் கப்பாசிட்டர் வற்றியிருக்கலாம். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி வகை, பிளஸ் மைனஸ் மாறாமல். எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் முறையில் இயங்கும் சப்ளை) வகையென்றால் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.